போர் தண்ணீரில் ஃப்ரண்ட் லோட் மெஷின்: துணி நன்றாக வெளுக்க என்ன செய்யலாம்?

வெள்ளைச் சட்டை நாலே மாதத்தில் பழுப்பேறிவிடுகிறது. துண்டு காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்கிறது. கறுப்புப் பேண்டில் வெள்ளை வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கிறது. கதவைத் திறந்தால் புழுங்கிய வாடை. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் ஃப்ரண்ட் லோட் வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கு மெஷினே காரணமாக இருப்பது அபூர்வம். தண்ணீர், சோப்பின் அளவு, சூடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் காரணம். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

அதற்கு முன், இந்த மெஷின் எப்படித் துவைக்கிறது என்று ஒரு வரி. டாப் லோட் துணியைத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சுழற்றும். ஃப்ரண்ட் லோட், டிரம்முக்குள் இருக்கும் மூன்று துடுப்புகளால் துணியை மேலே தூக்கி, கீழே போட்டு அடிக்கிறது. 5 கிலோ பருத்தித் துணிக்கு ஒரு தடவை நிரப்ப 12 முதல் 15 லிட்டர் தண்ணீர்தான் எடுக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீரே இல்லாதது போலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு சோப்பு டிரே வழியாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம். தண்ணீர் கூடினால் துணி விழும் வேகம் குறைந்து அடி குறைகிறது, சோப்பும் நீர்த்துப் போகிறது, ஹீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது. துவைப்பு மோசமாகுமே தவிர நன்றாகாது.

தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை முடிவுசெய்ய முடியாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. கடலோரத்தில் 1,500 காட்டும் தண்ணீரில் பெரும்பகுதி சாதாரணச் சமையல் உப்பாக இருக்கலாம். அது துணி துவைப்பதை அவ்வளவாகக் கெடுக்காது. 700 காட்டும் இன்னொரு போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைந்திருக்கலாம். சோப்பைத் தின்பது இந்த இரண்டும்தான், கடினத்தன்மை என்பது இவற்றின் அளவுதான்.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 குடிநீருக்கு வைத்திருக்கும் கடினத்தன்மை அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. ஊரில் பல போர்கள் இந்த 600-ஐத் தொடுகின்றன, சில தாண்டுகின்றன. அளப்பதற்கு எளிய வழி, மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைப் பட்டை அல்லது சொட்டு மருந்து கிட். சரியான எண் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுக்கலாம்.

செலவில்லாத சோதனையும் ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டிலில் பாதி வரை தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி அப்படியே நின்றால் நல்ல தண்ணீர். நுரை எழாமல் தயிர் திரிந்தது போல வெள்ளைத் திரி மிதந்தால் கடினநீர். இதைச் சோப்பில்தான் செய்ய வேண்டும். சலவைத் தூள் கடினநீரிலும் நுரைக்கும் என்பதால் வித்தியாசம் தெரியாது.

600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 15 லிட்டர் உள்ளே போனால் சுண்ணாம்புக் கணக்கில் 9 கிராம் போகிறது. பழைய கால பார் சோப்பாக இருந்தால் அதை முறிப்பதற்கே 50 கிராமுக்கு மேல் சோப்பு செலவாகிவிடும். அதன்பிறகு மிஞ்சுவதுதான் அழுக்கை எடுக்கும். இப்போதைய சலவைத் தூள்களில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் இவ்வளவு நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பொருளின் அளவு போதாவிட்டால் இதே கதைதான். முறிந்த சோப்பும் அழுக்கும் சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகத் துணியிலேயே திரும்பப் படிகின்றன. வெள்ளைத் துணி பழுப்பதும் துண்டு விறைப்பதும் இதனால்தான்.

ஆர்.ஓ. கழிவு நீரைத் துணி துவைக்கப் பிடித்துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது சரி. துணிக்கு, ஊறவைப்பதற்குக்கூட வேண்டாம். உள்ளே போன உப்பெல்லாம் செறிவாகி வெளியே வருவது அதில்தான்.

வருடம் முழுக்கத் தண்ணீர் ஒரே மாதிரி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் மெட்ரோ தண்ணீர் வரும், கோடையில் முழுக்க போர், நடுவில் லாரித் தண்ணீர். தண்ணீர் மாறும்போது சோப்பின் அளவும் மாற வேண்டும். ஜனவரியில் சரியாக இருந்த அளவு மே மாதத்தில் போதவில்லை என்றால் மெஷின் பழுதாகவில்லை, தண்ணீர் மாறியிருக்கிறது.

சோப்பு எவ்வளவு?

ஃப்ரண்ட் லோடுக்கென்று விற்கும் தூளையோ லிக்விடையோதான் பயன்படுத்த வேண்டும். வாளியில் ஊறவைக்கும் தூள் வேண்டுமென்றே நுரை கூடுதலாக வரும்படி செய்யப்பட்டது. டிரம்முக்குள் அது பொங்கினால் துணி நுரை மெத்தையில் விழும், அடி கிடைக்காது. நுரை பம்புக்குள் போனால் பம்ப் தண்ணீரை இழுக்கத் திணறும், மெஷின் தானாக அலசலைக் கூட்டும், ஸ்பின் வேகமெடுக்காது. கடைசியில் சொட்டச் சொட்டத் துணி வெளியே வரும்.

7 கிலோ மெஷினில் 5 கிலோ நடுத்தர அழுக்குத் துணிக்குக் கீழே உள்ள அளவில் தொடங்கலாம். கடினத்தன்மை 150-க்குள் இருந்தால் தூள் 40 கிராம். 150 முதல் 300 வரை 55 முதல் 60 கிராம். 300 முதல் 600 வரை 75 முதல் 90 கிராம். தூளுக்குத் தூள் வீரியம் மாறும், ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்து, அளவுக் கப்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டால் பிறகு யார் போட்டாலும் சரியாக வரும். "ரெண்டு ஸ்பூன்" என்று கண்மதிப்பில் போடும் வீடுகளில் 20 கிராமுக்கு மேல் போவதில்லை. போர் தண்ணீருக்கு அது எந்த மூலைக்கு?

600-க்கு மேலே போனால் தூளை மேலும் மேலும் கூட்டுவதில் அர்த்தமில்லை, நுரைதான் கூடும். தண்ணீரை மென்மையாக்கும் பொருளைத் தனியாகச் சேர்ப்பதே சரி. சோடியம் சிட்ரேட் 25 முதல் 30 கிராம் தூளோடு சேர்த்துப் போடலாம், அல்லது கடினநீருக்கென்று விற்கும் மென்மையாக்கும் பொடியை அதன் பாக்கெட் அளவில் போடலாம். சலவை சோடா மலிவு, நம் வீடுகளில் பழக்கமானதும்கூட. ஆனால் அது கால்சியத்தைத் தண்ணீரிலேயே பிடித்துவைக்காமல் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடும். அந்தச் சுண்ணாம்பு துணியிலும் ஹீட்டரிலும் போய் உட்காரும். வாளியில் ஊறவைக்க அது பரவாயில்லை, இந்த மெஷினுக்கு வேண்டாம்.

அளவு சரியா என்று கண்டுபிடிக்கக் கண்ணாடிக் கதவே போதும். துவைப்பு தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கண்ணாடியின் கால் பகுதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை நுரை இருந்தால் சரி. கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தால் அதிகம். நுரையே இல்லாமல் கலங்கல் தண்ணீர் மட்டும் தெரிந்தால் போதவில்லை. கடைசி அலசலிலும் பாருங்கள், அப்போது நுரை இருக்கக் கூடாது. ஏற்கெனவே துணியில் சோப்பு தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், துவைத்துக் காய்ந்த நாலு துண்டுகளை மட்டும் போட்டு, சோப்பே போடாமல் 40 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள். நுரை வந்தால் அது பழைய பாக்கி. நுரை நிற்கும்வரை இப்படிச் சோப்பில்லாமல் ஓட்டினால் துண்டு மறுபடி தண்ணீரை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

தூளா லிக்விடா என்றால், வெள்ளைத் துணிக்கும் துண்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் தூள். நல்ல தூளில் ஆக்ஸிஜன் வகை வெளுப்பான் இருக்கும், லிக்விடில் அதை வைக்க முடியாது. கடினநீரைச் சமாளிக்கும் பொருளும் தூளில்தான் கூடுதல். கறுப்பு, அடர்நிறத் துணிகளுக்கு லிக்விட். அதில் வெள்ளைத் தூள் ஒட்டாது, சாயமும் சீக்கிரம் வெளிறாது. இரண்டையும் வாங்கி வைத்திருப்பது வீண் செலவாகத் தோன்றும், ஆனால் துணியின் ஆயுளில் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும்.

ஃபேப்ரிக் கண்டிஷனர் துண்டுக்குப் போடாதீர்கள். அது இழைமேல் மெழுகுப் பூச்சு போல ஒட்டுவதால் துண்டு மெத்தென்று இருக்கும், ஆனால் ஈரத்தைத் துடைக்காது. டிரேயிலும் கதவு ரப்பரிலும் வழுவழுவென்று படிவதில் பாதி இந்தக் கண்டிஷனர்தான். அதற்குப் பதில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டை, மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கிடைக்கும், 50 மில்லி தண்ணீரில் கரைத்துக் கண்டிஷனர் அறையில் ஊற்றுங்கள். கடைசி அலசலில் அது உள்ளே போய்த் துணியில் மிச்சமிருக்கும் காரத்தையும் சுண்ணாம்பையும் கரைக்கும். துண்டின் விறைப்பு குறைவதை இரண்டு மூன்று துவைப்பிலேயே கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். குளோரின் பிளீச் போட்ட துவைப்பில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும்.

நீலம் போடுகிறவர்கள் டிரம்முக்குள் நேராக ஊற்றினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரு கப் தண்ணீரில் நன்றாகக் கலந்து கண்டிஷனர் அறையில் ஊற்ற வேண்டும். கஞ்சியை மெஷினுக்குள் விடாமல், துவைத்து எடுத்த வேட்டியை வாளியில் தனியாகக் கஞ்சி போடுவதே நல்லது. டிரம்முக்குப் பின்னால் தங்கும் கஞ்சி புளித்து நாறும்.

சூடு

நம் ஊரில் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரியில்தான் வருகிறது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் அதற்கும் மேலே. ஆகவே 30 டிகிரி புரோகிராம் வைத்தால் ஹீட்டர் அநேகமாக ஓடுவதே இல்லை. அன்றாட வேர்வைத் துணிக்கு அதுவே போதும். காலர் அழுக்கு, எண்ணெய், சாம்பார் என்று வரும்போது 40 டிகிரி தேவை. சலவைத் தூளில் இருக்கும் என்சைம்கள் அந்தச் சூட்டில் நன்றாக வேலை செய்யும், வெளுப்பானும் அங்கிருந்துதான் முழுமூச்சில் இறங்கும்.

தலைக்கு எண்ணெய் வைக்கும் வீடுகளில் தலையணை உறையும் தலை துவட்டும் துண்டும் தனிக் கேஸ். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இழைக்குள் தங்கி நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். துவைத்து மடித்து வைத்த உறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்கும்போது அந்த வாடை கிளம்பினால் எண்ணெய் போகவில்லை என்று பொருள். இவற்றைத் தனியாகச் சேர்த்து, 60 டிகிரியில், முழு அளவு தூளோடு, வாரம் ஒரு தடவை ஓட்டுங்கள். 30 டிகிரி விரைவுப் புரோகிராமில் எத்தனை தடவை போட்டாலும் அந்த எண்ணெய் அசையாது.

மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து சூட்டை ஒதுக்குகிறவர்களுக்காகக் கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.2 யூனிட் ஆகும். 60-க்கு ஏற்ற, துணியும் டிரம்மும் சூடாவதைச் சேர்த்து, அரை முதல் முக்கால் யூனிட். வாரம் இரண்டு தடவை 60-ல் ஓட்டினாலும் மாதத்துக்கு ஆறேழு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

15 நிமிடப் புரோகிராம், இரண்டு கிலோவுக்குள் இருக்கும், அழுக்கே இல்லாத, ஒரு தடவை போட்டுக் கழற்றிய துணிக்கு. பள்ளிச் சீருடையை அதில் போட்டு வெளுக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. நீண்ட புரோகிராம் இரண்டு, இரண்டரை மணிநேரம் ஓடுவதால் மின்சாரம் அதிகமாகிவிடும் என்பதும் சரியல்ல. செலவில் பெரும்பங்கு ஹீட்டருக்குத்தான். டிரம் மெதுவாகச் சுற்றுவதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம்.

எவ்வளவு துணி, எந்தத் துணியோடு எது

பருத்திப் புரோகிராமில் 7 கிலோ என்றால் அது காய்ந்த பருத்தித் துணியின் எடை. பாலியெஸ்டர் கலந்த துணிக்கு அதில் பாதிதான். தராசு வேண்டியதில்லை. துணியை உதறிப் போட்ட பிறகு டிரம்மின் மேல்பக்கத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு கை அகலம் இடம் இருந்தால் பருத்திக்குச் சரி, பாதி டிரம் காலியாக இருந்தால் கலப்புத் துணிக்குச் சரி. திணித்தால் துணி விழ இடமில்லாமல் ஒரே உருண்டையாகச் சுற்றும், உருண்டையின் நடுவில் இருப்பது துவைபடாது. ரொம்பக் குறைவாகப் போடுவதும் தவறு. ஒற்றைக் கால்மிதியையோ ஒற்றைப் போர்வையையோ போட்டால் எடை ஒரு பக்கமாகச் சேரும். மெஷின் சமன்செய்யப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஸ்பின்னைக் குறைத்துவிடும் அல்லது விட்டுவிடும். கூட இரண்டு கனமான துண்டு போட்டால் தீர்ந்தது.

நிறம் பிரிப்பது எல்லோரும் செய்வது. கனத்தைப் பிரிப்பதை மறந்துவிடுகிறோம். ஜீன்ஸோடு மெல்லிய பருத்திச் சுடிதார் போனால் ஜீன்ஸின் ஜிப்பும் கனமும் மெல்லியதைத் தேய்த்துவிடும்.

எட்டு முழ வேட்டியும் ஐந்தரை மீட்டர் புடவையும் இந்த மெஷினில் தனிப் பிரச்சினை. நீளத் துணி மற்றதையெல்லாம் சுருட்டிக்கொண்டு கயிறு முறுக்கும். பருத்திப் புடவையை எட்டாக மடித்து, ஜிப் வைத்த வலைப்பையில் போடுங்கள். பைக்குள் புடவை தளர்வாகப் புரள இடம் இருக்க வேண்டும், இறுக்கி அடைத்தால் மடிப்புக்குள் சோப்பு தங்கும். ஒரு பைக்கு ஒரு புடவை. ஸ்பின் 600 போதும். வேட்டிகளை மூன்று நாலாகச் சேர்த்து, கூடவே கைத்துண்டுகளைப் போட்டால் முறுக்கல் குறையும். ஃபால்ஸ் தைத்த புடவையின் ஓரத்தில் ஊக்கு மாட்டியபடியே விட்டுவிடாதீர்கள். கழன்ற ஊக்கு டிரம்மின் துளையில் குத்திக்கொண்டு நிற்கும், அடுத்த துவைப்பில் துணியைக் கிழிக்கும். பட்டும் ஜரிகையும் இங்கே பேச்சுக்கே இல்லை.

துண்டு, படுக்கை விரிப்புக்கு 1,000 முதல் 1,200 ஸ்பின் வையுங்கள். சட்டைக்கு 800. மழைக்காலத்தில் துணி காயாமல் வாடை வருவதைத் தடுக்க ஸ்பின் முடிந்தபின் தனியாக இன்னொரு ஸ்பின் கொடுப்பது பலன் தரும். முடிந்ததும் உடனே எடுத்து உதறிக் காயப்போடுங்கள். இரவு முழுக்க மூடிய டிரம்மில் கிடந்த துணியை மறுபடி துவைக்கத்தான் வேண்டும்.

கறைகள்

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பலர் துணி போச்சு என்று நினைப்பார்கள். மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். வழக்கம்போல் துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில் கறைப்பக்கம் தெரியும்படி போடுங்கள். அந்த நிறப்பொருள் வெயிலில் சிதையும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுபடி நனைத்துப் போட வேண்டும்.

ரத்தம், பால், முட்டைக் கறையைச் சூட்டில் போட்டால் அது வெந்து இழையோடு பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அதன்பிறகே மெஷின். காலரிலும் கைப்பட்டியிலும் லிக்விடைத் தடவி 10 நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால், பிரஷ் போட்டுத் தேய்த்து நூலைக் கெடுக்க வேண்டியதில்லை.

வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகாமல் துருப் போல மஞ்சளடித்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதற்குக் குளோரின் பிளீச் போட்டால் நிலைமை மோசமாகும், கரைந்திருக்கும் இரும்பையும் அது துருவாக்கித் துணியில் ஏற்றிவிடும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, துணியை ஒரு மணிநேரம் ஊறவைத்து அலசிவிட்டுத் துவையுங்கள்.

வாடையும் உப்புப் படிவும்

வாடைக்குக் காரணம், குளிர்ந்த தண்ணீரிலேயே லிக்விட் போட்டு ஓட்டி ஓட்டி வெளி டிரம்மின் உட்புறத்தில் படிந்த வழுவழுப்பு. நம் கண்ணில் படும் உள் டிரம் பளபளவென்றுதான் இருக்கும். மாதம் ஒரு தடவை துணியே போடாமல், ஆக்ஸிஜன் வெளுப்பான் உள்ள தூள் 100 கிராமை டிரம்முக்குள் போட்டு 60 டிகிரிக்குக் குறையாமல் நீண்ட புரோகிராமில் ஓட்டுங்கள். 90 டிகிரியோ டிரம் கிளீன் புரோகிராமோ இருந்தால் இன்னும் நல்லது.

கதவு ரப்பர் வளையத்தின் கீழ்மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். அங்கே தண்ணீர், முடி, நூல் பிசிறு, சில சமயம் சில்லறைக் காசு. அன்றைய கடைசித் துவைப்பு முடிந்ததும் பழைய துணியால் அந்த மடிப்பைத் துடைத்து, கதவையும் சோப்பு டிரேயையும் கொஞ்சம் திறந்தே விடுங்கள். சின்னப் பிள்ளைகளோ பூனையோ உள்ள வீட்டில் கதவை ஒரு விரலிடைக்கு மேல் திறந்து வைக்காதீர்கள், துணி போடும்முன் டிரம்முக்குள் கட்டாயம் எட்டிப் பாருங்கள்.

உப்புப் படிவுக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் காலி டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டுவது போதும். கணக்குப்படி அது 75 கிராம் அளவு சுண்ணாம்பைக் கரைக்கும். கடினத்தன்மை 300-க்கு மேல் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, குறைவாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. தூள் போட்டுச் சுத்தம் செய்வதையும் இதையும் ஒரே நாளில் கலந்து செய்யாதீர்கள். ஒன்று காரம், மற்றது அமிலம், இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும்.

தண்ணீர்க் குழாயில் மாட்டும் சின்ன பாஸ்பேட் ஃபில்டர் உப்புப் படிவதைத் தாமதப்படுத்தும், தண்ணீரை மென்மையாக்காது. ஆகவே சோப்பின் அளவைக் குறைக்க முடியாது. அவ்வப்போது உப்பு போட்டு மறுபடி வேலைக்குத் தயாராக்கும் ரெசின் சாஃப்ட்னர் என்ற மென்மையாக்கும் கருவிதான் உண்மையில் கால்சியத்தை எடுக்கிறது. அபார்ட்மெண்ட் முழுக்கச் சேர்ந்து போட முடிந்தால் அதைப் போல நல்ல முதலீடு இல்லை. குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டும் கருவிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பொருத்திய இடத்தில் பார்க்க வேண்டியவை

டிரேயில் தூள் கரையாமல் கட்டியாக மிஞ்சினால் தண்ணீரின் அழுத்தம் குறைவு. தொட்டியின் உயரம் ஒரு மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம் தரும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கும், சில 1 பார் வரை கேட்கும். மேல்மாடி வீட்டில், தலைக்கு நேர் மேலே தொட்டி இருந்தால் அந்த அழுத்தம் வராது. கையேட்டில் உங்கள் மெஷினுக்கான எண்ணைப் பார்த்து, தேவைப்பட்டால் சின்ன பிரஷர் பம்ப் வையுங்கள். அதற்கு முன், தண்ணீர்க் குழாயைக் கழற்றி மெஷின் பக்க வால்வில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். லாரித் தண்ணீர் வரும் வீடுகளில் அதில் மண்ணும் துருவும் அடைத்திருக்கும். நுனிக் குறடால் மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் கழுவி மாட்டினால் போதும்.

கழிவுநீர்க் குழாயைப் பாத்ரூம் தரையில் அப்படியே படுக்கப் போட்டிருந்தால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வெளியே இழுத்துக்கொண்டு போகலாம். மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும், சோப்பும் அதோடு போய்விடும். குழாய் ஓரிடத்திலாவது தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் வளைந்து இறங்க வேண்டும். வடிகால் பைப்புக்குள் ஒரு சாணுக்கு மேல் அதைச் செருகவும் கூடாது.

கீழே முன்பக்க மூலையில் இருக்கும் பம்ப் ஃபில்டரை மாதம் ஒரு தடவை திறக்க வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதன் மூடியைத் திறந்து தட்டையான தட்டில் தண்ணீரை வடியுங்கள், ஓரிரு லிட்டர் வரும். பிறகு ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பம்பின் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். ஹேர்பின்னோ நூலோ சிக்கியிருந்தால் இறக்கை திக்கித் திக்கிச் சுற்றும். மாட்டும்போது மரை சரியாகப் பிடித்ததா என்று பார்க்காமல் மெஷினை ஓட்டினால் தரையெல்லாம் தண்ணீர்தான்.

ஸ்பின்னில் மெஷின் நடந்தால் நாலு காலையும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, ஒவ்வொரு காலிலும் உள்ள பூட்டு நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு மேல் ஃப்ரண்ட் லோடை ஏற்றவே வேண்டாம். கீழே திறந்த அடிப்பகுதி உள்ள மெஷின்களில் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அடியில் வலைத் தகடு மாட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டுங்கள்.

ஸ்பின்னில் ஜெட் விமானம் போலச் சத்தம் வர ஆரம்பித்தால், காலி டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உள் டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது, அல்லது டிரம்மைத் தாங்கும் மூன்று கால் அலுமினியத் தாங்கி அரித்துவிட்டது. சோப்புப் படிவும் ஈரமும் காரமும் நாளடைவில் அந்த அலுமினியத்தைத் தின்றுவிடுகின்றன. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் டிரம் வெளித் தொட்டியை உடைத்துவிடும். பேரிங் மட்டும் என்றால் மாற்றலாம். தாங்கியும் தொட்டியும் சேர்ந்து போயிருந்தால் மதிப்பீட்டை எழுதி வாங்கி, புது மெஷின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

வீடு மாறும்போது, மெஷின் வந்த நாளில் பின்பக்கத்திலிருந்து கழற்றிய மூன்று அல்லது நாலு நீளப் போல்ட்டுகளை மறுபடி மாட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். அவை இல்லாமல் போனால் தொங்கும் டிரம் வழியெல்லாம் அடிபட்டு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கெடும். புது வீட்டில் ஓட்டும்முன் அவற்றைக் கழற்றி, கையேட்டோடு ஒரே கவரில் போட்டு வைத்துவிடுங்கள். அப்படியே புது வீட்டுத் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்து, அளவுக் கப்பில் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.